எட்டுக்கண்பாலத்தில் பெயர்கள் நின்றுபோன வாரம்

எட்டுக்கண்பாலம் என்ற எங்கள் ஊரில், ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் கோளாறு ஒன்றுமில்லை. சத்தம் கேட்டது, அது ஒரு பெயர் என்பதும் தெரிந்தது, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவரவர் பல்லை விளக்கினார்கள், கூப்பிடப்பட்டவரும் அப்படியே நினைத்துக்கொண்டு தன் பல்லை விளக்கினார். பால்காரர் ஒரு வாசலில் நின்று தொண்டை வற்றக் கத்தினார், பிறகு, ஆள் இல்லை போலிருக்கிறது என்று, எதிரே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மழை வந்தால் குடை, கரண்ட் போனால் விசிறி, பெயர் போனால் வேறு ஏதாவது என்று எடுத்துக்கொள்கிற ஊர் எங்களுடையது. ஏன் போயிற்று என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டோம். ஆனாலும் கதை என்று வந்துவிட்டால் காரணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதான்.

மாசிலாமணி அண்ணாச்சியின் கேபிள் ஆபீஸ் பின்னறையில் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருந்தது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம். மனுஷனுக்குப் பெயர்தான் நினைவில் நிற்கும், மிஷினுக்கு எண்தான் நிற்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு தரகர் இல்லாமல் காரியம் நடக்காது. அந்தத் தரகரை வேலைக்கு வைத்தவள் அங்கே நெட்வொர்க் பார்க்கும் செண்பகவல்லி. வீடு வீடாக இன்டர்நெட் கொடுத்த காலத்தில், புகார் வந்தால் சட்டென்று கண்டுபிடிக்க வசதியாக, ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் அந்த வீட்டு மனுஷர்களின் பெயரையே வைத்துப் பதிந்துவிட்டாள். அப்படி ஒவ்வொன்றாகப் போய் ஊரார் பெயர்கள் எல்லாம் அந்தச் சர்வரிலேயே குடியேறிவிட்டன. எப்போது குடியேறின என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பல்லி எப்போது வந்தது என்று யார்தான் பார்க்கிறார்கள்.

ஆயுதபூஜையன்று அண்ணாச்சி அதை அணைக்கச் சொன்னார். மற்ற வருஷங்களில் ஓடுகிற சர்வர் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துச் சமாளித்தாயிற்று, இந்த வருஷம் வியாபாரம் மந்தமாக இருந்ததால் அவருக்குப் பக்தி கூடிவிட்டது.

"அண்ணாச்சி, இத ஏத்தி வச்ச நாள்ல இருந்து அணைச்சதே இல்ல. நிறுத்துனா எது எந்திரிக்கும் எது எந்திரிக்காதுன்னு எனக்கே தெரியாது" என்றாள் செண்பகவல்லி.

"தச்சன் உளிய கீழ வைக்கான், டிரைவர் வண்டிய நிறுத்துதான், ஒன் மிஷினுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமாம்மா? ஓடுத ஆயுதத்துக்கு எப்படிம்மா பூஜ போடுதது?" என்றார் அண்ணாச்சி.

அணைத்தார்கள். சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், பொரிகடலை படைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் அண்ணாச்சி தன் கையாலேயே பொத்தானை அழுத்த, பச்சை விளக்குகள் எரிந்தன, ஊரில் படம் ஓடியது, செல்போன்கள் உயிர் பெற்றன. வெளியூர்ப் பெயர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வெளியூரில் வேறு தரகர்கள் இருந்ததால் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் பெயர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை, செண்பகவல்லிக்கும் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, வகுப்பு நிறைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, ஒருவரும் "உள்ளேன் ஐயா" சொல்லவில்லை. தலைமையாசிரியர், ஒரு பிள்ளையும் வரவில்லை என்று பதிந்துவிட்டு, வராத பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டார். கோர்ட்டில் டவாலி மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லாததால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து முறுக்கைத் தின்றுகொண்டிருந்த வாதியும் பிரதிவாதியும் ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. தாத்தா காலத்து வரப்புத் தகராறு, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தால் பலன் யார் கணக்கிலும் ஏறவில்லை என்று தெரிந்து, குருக்கள் எல்லோரிடமும் "சாமி பேருக்கே பண்ணிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டார். சாமியின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் ஊர்ச் சர்வரில் இல்லை.

பட்டப்பெயர்கள் மட்டும் கம்பீரமாக வேலை செய்தன. அவை எந்த மிஷினிலும் பதியப்பட்டவை அல்ல, அவரவர் தெருவில், டீக்கடை பெஞ்சில் கையோடு வைத்துப் புழங்கியவை. இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் 'ஒட்டடைக்கம்பு' என்று சொல்லப்பட்ட தலைமையாசிரியரை, இப்போது பெற்றோர்கள் நேருக்கு நேராக, கைகூப்பி, "ஒட்டடைக்கம்பு சார்வாள்" என்று அழைக்க வேண்டியதாயிற்று, அவரும் மரியாதையாகத் திரும்பினார். பட்டப்பெயர் இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். யோக்கியமாக வாழ்ந்ததற்கு இதுதான் பலனா என்று நொந்துகொண்டு, சிலர் டீக்கடைக்கு வந்து, எங்களிடம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துப் பெயர் வையுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்ததில் வேறு சங்கடம். "அண்ணே" என்றால் தெருவே திரும்பியது.

ஒன்றுமே ஆகாதவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயந்து அவர்கள் அதைச் சொன்னதே கிடையாது. வெள்ளைச்சாமியின் பெண்சாதி வெள்ளைத் துணியைக்கூட 'அந்த நெறம்' என்றுதான் சொல்வாள். வோட்டர் லிஸ்டுக்கு வந்து கேட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள், பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் காற்றில் விரலால் எழுதிக் காட்டுவார்கள். "ஏங்க" என்று தொடங்கி "ஏங்க" என்றே முடித்துக்கொண்ட அந்தக் குடும்பங்களில், பெயர்கள் போனதே சில நாள் தெரியாமல் இருந்தது.

செண்பகவல்லியும் அந்தக் கட்சிதான். படிப்பில் கெட்டிக்காரி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓட விட்டு மிஷினின் வயிற்றில் என்ன வலி என்று சொல்லிவிடுவாள். ஆனால் மாமியார் சொல்லிக்கொடுத்ததை மீறியதில்லை. புருஷன் பெயரை டைப் செய்வாள், வாயால் சொல்ல மாட்டாள். விரலுக்கு அந்த விதி கிடையாது என்று அவளாகவே ஒரு ஏற்பாடு.

புருஷன் பெயர் ஆவுடையப்பன். அதே ஆபீஸில் லைன்மேன், கம்பம் ஏறிக் கம்பி இழுப்பவர். சண்டைக்குப் போகாதவர், சத்தமாகச் சிரிக்காதவர், பட்டப்பெயர் வைக்கிற அளவுக்குக் குறையோ நிறையோ இல்லாத மனுஷர். அந்த வாரம் அவரை யாரும் கூப்பிட முடியவில்லை, அவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேலே அவர் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பாரம் ஏற்றிய வைக்கோல் லாரி ஒன்று வந்தது. லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்று கீழே நின்ற மாசிலாமணி அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. அவசரத்தில் வாய் பழக்கத்துக்குத்தான் போகும். "ஆவுடையப்பா! ஏ ஆவுடையப்பா!" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்டே கேட்டது. ஆவுடையப்பனும் கேட்டார். யாரந்த ஆவுடையப்பன், கூப்பிடுவது தெரியாமல் நிற்கிறானே என்று சாலையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். லாரி வந்தது, கம்பி போனது, ஏணி சரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு முறிவு இல்ல, தலைக்குள்ள ரத்தமும் கட்டல. ஆனா மயக்கம் தெளியணும். தெரிஞ்ச குரல்ல, பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. சாயங்காலத்துக்குள்ள கண்ணு முழிக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அவ்வளவு தூரம் உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

முதலில் ஆவுடையப்பனின் அம்மா கூப்பிட்டாள். "மக்கா... ஏ மக்கா..." வார்டில் கிடந்த ஆண்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்தார்கள், கால் முறிந்து கடைசிக் கட்டிலில் கிடந்தவர் "என்னம்மா?" என்று கேட்டே விட்டார். மகன் மட்டும் அசையவில்லை. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அண்ணாச்சி கூப்பிட்டார். பிறகு ஊர் வந்தது. மழையிலும் வெயிலிலும் கம்பம் ஏறி எங்கள் வீடுகளுக்குப் படம் கொண்டுவந்தவர் என்ற நன்றியில், ஓட்டுப் போட நிற்பதுபோல வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு தரம் கட்டிலருகே குனிந்து "ஆவுடையப்பா" என்று கூப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். நானும் கூப்பிட்டேன். கூப்பிட்ட மாத்திரத்திலேயே, அப்படி ஒருவர் இல்லை என்று எனக்குள்ளே ஏதோ சொல்லியது. பொய் என்று தெரிந்தும் பயமாக இருந்தது.

செண்பகவல்லி கால்மாட்டில் நின்றாள். "ஏங்க" என்றாள். வார்டில் இருந்த புருஷன்மார் எல்லாம் திரும்பினார்கள், அவள் புருஷன் திரும்பவில்லை. அவள் குனிந்து அவர் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளினாள். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இன்னொரு முறை கிள்ளினாள். மறுபடி இழுத்துக்கொண்டது.

அவள் நிமிர்ந்து நின்றாள். இந்தக் கோளாறை அவளுக்குத் தெரியும். எண்ணைத் தட்டினால் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் வரவில்லை என்றால், கம்பி சரியாக இருக்கிறது, அந்தப் பக்கம் ஆளும் இருக்கிறார், நடுவே தரகர்தான் படுத்துவிட்டார் என்று அர்த்தம். புகார் சொல்ல வருகிறவர்களிடம் நூறு தரம் சொன்னதுதான்.

"அத்தை, இவுகளப் பாத்துக்கோங்க. நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன்."

"புருஷன் கிடக்க கிடப்புல ஆபீஸாட்டி ஒனக்கு?" என்று மாமியார் கேட்டாள். பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

சர்வரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி உட்கார்ந்து, பெயர் சொல்கிற தரகர் விழித்திருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றது மிஷின். அந்தக் காலத்தில் அவரைத் தன் கையால் எழுப்பி விட்டவள், மிஷின் எப்போது எழுந்தாலும் இவரையும் எழுப்பு என்று ஒரு கட்டளை சொல்லி வைக்க மறந்திருந்தாள். அணைக்கவே அணைக்காத மிஷினில் அந்த மறதி யாருக்கும் தெரியாமல் தூங்கியது. ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகப் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது, ஆனால் விரல்கள் நிற்கவில்லை.

எழுப்பினாள். தரகர் எழுந்து, உட்கார இடமில்லை என்று சொல்லி மறுபடி விழுந்தார். பெயர் கேட்டு வருகிறவர்கள் ஐம்பத்து மூன்றாம் வாசலுக்குத்தான் வருவார்கள், அங்கேதான் அவர் உட்கார வேண்டும். அந்த வாசலில் யார் என்று கேட்டாள். என்றைக்கோ செய்த அப்டேட்டில் கூடவே வந்த ஒரு சின்னத் தரகர், இத்தனை நாளும் இடம் கிடைக்காமல் மூலையில் கிடந்தவர், ஆயுதபூஜைக்கு மறுநாள் முதலில் கண் விழித்து, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறவர்போல அந்த இடத்தைப் பிடித்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. யார் பெயரைக் கேட்டாலும் "அப்படி ஒருவர் இல்லை" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அவரை எழுப்பி அனுப்பினாள், இனி வராதபடி செய்தாள், பழையவரை உட்காரவைத்தாள், மிஷின் எழும்போது அவரையும் எழுப்பச் சொல்லும் அந்த ஒரு வரியையும் சொல்லி வைத்தாள். பிறகு புருஷன் பெயரை டைப் செய்தாள். எண் வந்தது.

"வந்துட்டு அண்ணாச்சி!"

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சி தெருவுக்கு ஓடி எதிர் டீக்கடைக்காரரை "பால்பாண்டி!" என்று கூப்பிட்டார். பால்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார். இன்னும் உயரமாகத் தூக்கி ஆற்றினார். அந்த நேரம் பார்த்து வெளியூர் பஸ் ஒன்று வந்து நிற்க, ஆயுதபூஜை லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்த கண்டக்டர் படியில் நின்றபடி, "யோவ் பால்பாண்டி, ஒரு டீ!" என்றார். பால்பாண்டி திடுக்கிட்டுத் திரும்பியதில் டீ கையில் கொட்டியது.

வாசலுக்கு வந்து பார்த்த செண்பகவல்லிக்கு விளங்கிவிட்டது. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லா மிஷினுக்கும் உள்ள பழக்கம், "இல்லை" என்ற பதிலையும்தான். அந்தச் சின்னத் தரகர் ஒவ்வொரு இல்லையோடும், இதை ரொம்ப நாள் நினைவில் வையுங்கள் என்று சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வாரத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள், நாள் கழிந்து அந்த 'இல்லை' தானாக உதிரும் வரை, மறுபடி தரகரிடம் போகவே மாட்டார்கள். தங்களுக்குள் இருக்கிற இல்லையையே எடுத்துக்கொள்வார்கள்.

"மிஷின்னா அழிச்சு விட்டுருவேன் அண்ணாச்சி. இது மனுஷங்க" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஊர் வாயை ரீஸ்டார்ட் செய்யவும் வழி இல்லை.

"அந்த கண்டக்டர கூட்டிட்டுப் போயிருவோமா?"

"தெரியாத குரலுக்கு அவுக முழிக்க மாட்டாக. டாக்டர் சொன்னார்லா, தெரிஞ்ச குரல் வேணும்."

"தெரிஞ்சவன் பூரா வரிசையில நின்னு கூப்பிட்டாச்சேம்மா. ஒருத்தர் பாக்கி இல்லையே." அண்ணாச்சி யோசித்தார். யோசித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார். "நீ கூப்பிட்டியாம்மா?"

அவள் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தது, வேலைக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். வார்டில் மாமியார் மகனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தரகர், வாசல், இல்லை என்ற பதில், எதுவும் அந்த அம்மாளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் புரிந்தது.

"இந்த ஊர்ல அவுக பேர இன்னும் சொல்லாத வாய் இது ஒண்ணுதான் அத்தை. நான் கூப்பிட்டாத்தான் எட்டும்."

மாமியார் மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான அத்தை சொன்னீக, சொன்னா ஆயுசு கொறையும்னு. எனக்குப் பயமா இருக்கு. படிச்ச படிப்பு ஒண்ணும் இப்ப தைரியம் சொல்ல மாட்டேங்கு."

ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் வராந்தாவில் கேட்டது. மாமியார் மகனின் கையை எடுத்து மருமகளின் கையில் வைத்தாள்.

"கொறையுததுக்கு மொதல்ல ஆயுசுன்னு ஒண்ணு இருக்கணும்லாட்டி. கூப்பிடு."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து உதட்டுக்கு உள்ளேயே வைத்திருந்த சொல், வெளியே வர வழி தெரியாமல் நின்றது. கட்டிலின் இரும்புக் கம்பியில் அவள் விரல்கள் தாமாக அந்த எழுத்துகளைத் தட்டின, தட்டத் தட்ட உதடு அதைப் பின்தொடர்ந்தது.

"ஆவுடையப்பன்" என்றாள்.

சத்தமாகத்தான் வந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்கள் நின்றார்கள். வார்டில் வேறு யாரும் திரும்பவில்லை, கடைசிக் கட்டில்காரர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பனின் இமை அசைந்தது. பிறகு, வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தவரைப்போலக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திறந்து, ஃபேனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"யாரு கூப்பிட்டது?" என்றார். நாக்கு குழறியது.

"நாந்தாங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மன்னிப்பும் கேட்டாள்: "தப்பா நெனைக்காதீக. வேற வழி இல்லாமப் போச்சு."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொருக்கா கூப்பிடு" என்றார் அவர்.

"ஆயுசு கொறையும்ங்க."

"கொறையட்டும்ட்டி" என்றார் ஆவுடையப்பன். "கூப்பிடு."

கூப்பிட்டாள்.